சூப்பர்சார்ஜர் காருக்கு இன்டேக் பைப் செய்வது: எதில், எப்படி, சூட்டுக்கு என்ன வழி

இப்போதுதான் ஓட்டி நிறுத்திய சூப்பர்சார்ஜர் (என்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் எந்திரம்) காரின் பானெட்டைத் திறந்து, என்ஜினுக்குக் காற்று போகும் இன்டேக் பைப்பைத் தொட்டுப் பாருங்கள். அலுமினியப் பைப்பாக இருந்தால் சட்டென்று கையை எடுத்துவிடுவீர்கள். பக்கத்திலேயே இருக்கும் பிளாஸ்டிக் ஃபில்டர் பெட்டி அந்த அளவுக்குச் சுடாது. இரண்டும் ஒரே வெப்பநிலையில்கூட இருக்கலாம். அலுமினியம் சூட்டைக் கைக்கு வேகமாகக் கடத்துகிறது, அவ்வளவுதான். ஆனால் இந்தக் கைச்சோதனையை நம்பியே பலர் பைப்பைக் கழற்றி மாற்றுகிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஒரு சனி, ஞாயிறு முழுக்க செலவழித்து அலுமினியப் பைப்புக்குப் பதில் வேறொன்று போட்டேன். வண்டி ஓடும்போது இன்டேக் சென்சார் காட்டிய எண் ஒரு டிகிரிகூட அசையவில்லை.

தவறு பைப்பில் இல்லை. எந்த இடத்தில் சூடு ஏறுகிறது என்று பார்க்காமலே ஸ்பானரை எடுத்தது என் தவறு. பைப் எதில் செய்வது, எப்படி வளைப்பது, எந்த இன்டர்கூலர் (அமுங்கிச் சூடான காற்றை ஆற்றும் கருவி), ஹெட்டருக்கு (என்ஜினிலிருந்து புகை வெளியேறும் குழாய்த் தொகுதி) துணி சுற்றலாமா என்று கேள்விகள் நிறைய. எல்லாவற்றுக்கும் ஒரே அளவு பணமும் நேரமும் தரத் தேவையில்லை. சிலது எண்களை மாற்றும், சிலது தோற்றத்தை மட்டும் மாற்றும்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

வெளிக்காற்று 30 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொள்வோம். பூஸ்ட் (வெளிக்காற்றுக்கு மேல் கூடும் அழுத்தம்) 0.55 பார், அதாவது 8 பிஎஸ்ஐ. காற்றை அமுக்கினால் சூடாகும், அதைத் தவிர்க்க முடியாது. துளியும் வீணாக்காத கம்ப்ரசராக இருந்தாலே இந்த அழுத்தத்தில் காற்று சுமார் 40 டிகிரி ஏறும். ஆனால் நிஜத்தில் அப்படி ஒரு கம்ப்ரசர் கிடையாது. ரூட்ஸ் வகை பிளோயரின் (சூப்பர்சார்ஜரைத்தான் பிளோயர் என்கிறேன்) திறனை 60 சதவீதம் என்று எடுத்தால் ஏற்றம் 67 டிகிரி, வெளியே வரும் காற்று 97 டிகிரி. சென்ட்ரிஃபியூகல் வகை (வேகமாகச் சுழலும் சக்கரம் காற்றை வெளிப்பக்கம் வீசி அமுக்குவது) 75 சதவீதம் என்றால் 84 டிகிரி.

ரூட்ஸ் ஏன் இப்படிச் சுடுகிறது? அது அடிப்படையில் காற்றைத் தள்ளும் எந்திரம், அமுக்கும் எந்திரம் அல்ல. 1860ல் ரூட்ஸ் சகோதரர்கள் காப்புரிமை வாங்கிய அந்த வடிவம் ஊதுலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் காற்றடிக்கப் பயன்பட்டது. உள்ளே அமுக்கம் நடப்பதில்லை. வெளிவாய் திறந்ததும் மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் குழாய்த் தொகுதி) இருக்கும் அழுத்தக் காற்று பின்னோக்கிப் பாய்ந்து, உள்ளே இருப்பதை ஒரே மோதலில் அமுக்குகிறது. அந்த மோதலில்தான் சூடு. ட்வின் ஸ்க்ரூ (இரட்டைத் திருகு) வகை காற்றைப் படிப்படியாக உள்ளேயே அமுக்கிவிடுவதால் அதே பூஸ்டில் கொஞ்சம் குளிர்ச்சி.

சரி, 97 டிகிரி வந்தால் என்ன நஷ்டம்? அழுத்தம் 55 சதவீதம் கூடியது. ஆனால் சூட்டில் காற்று விரிந்துவிட்டதால் சிலிண்டருக்குள் போகும் காற்றின் எடை 27 சதவீதம்தான் கூடுகிறது. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை. இதில் இன்டர்கூலர் ஒன்று சேர்ந்து, ஏறிய சூட்டில் 70 சதவீதத்தை எடுத்துவிட்டால் காற்று 50 டிகிரிக்கு இறங்கும். இன்டர்கூலருக்குள் கொஞ்சம் அழுத்தம் தொலைந்தாலும் எடைக் கூடுதல் 40 சதவீதம் நிற்கும்.

இப்போது இன்னொரு பக்கம். அதே ரூட்ஸ் பிளோயர், இன்டர்கூலர் இல்லை, ஆனால் ஃபில்டர் என்ஜின் பக்கத்தில் உட்கார்ந்து 55 டிகிரிக் காற்றைக் குடிக்கிறது. உள்ளே போன 25 டிகிரிக் கூடுதல், வெளியே வரும்போது 31 டிகிரியாகப் பெருகுகிறது. பிளோயரின் வெளிவாயில் 128 டிகிரி. எடைக் கூடுதல் 27லிருந்து 17 சதவீதத்துக்கு விழுகிறது. ஒரே ஒரு ஃபில்டர் தப்பான இடத்தில் இருந்ததற்கு இவ்வளவு விலை.

பிளோயருக்கு முன்னால் நடக்கும் எந்தத் தப்பும் பெருக்கப்பட்டுத்தான் பின்னால் வரும் என்பதை மனதில் வையுங்கள். அழுத்த இழப்புக்கும் அதே விதிதான். உறிஞ்சும் பக்கத்தில் 0.05 பார் போனால் பூஸ்டில் 0.08 பார் அளவுக்குக் குறையும்.

காற்றை எங்கிருந்து எடுப்பது

மூன்று வழிகள் உண்டு. த்ராட்டிலுக்கு (ஆக்சிலரேட்டரோடு திறந்து மூடும் காற்றுக் கதவு) பக்கத்திலேயே திறந்த கூம்பு ஃபில்டர். பம்பருக்குப் பின்னாலோ சக்கர வளைவுக்குள்ளோ நீளப் பைப் விட்டு அங்கே ஃபில்டர். அல்லது மூடிய பெட்டிக்குள் ஃபில்டரை வைத்து, கிரில்லிலிருந்து குழாய் வழியாகக் காற்று கொண்டுவருவது.

முதலாவது எளிது, சத்தம் அழகு. சூப்பர்சார்ஜரின் அந்த விசில் காதில் விழ வேண்டும் என்பதற்காகவே போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அதில் தப்பில்லை. ஆனால் ரேடியேட்டர் விசிறி பின்னால் தள்ளும் அனல் முழுக்க அதன் முகத்தில்தான். நெடுஞ்சாலையில் தப்பித்துவிடும், சிக்னலில் மாட்டிக்கொள்ளும். ஒரு தகரத்தை வளைத்து நடுவில் மறைப்பாக வைத்தால் தீர்ந்தது என்று சொல்வார்கள். மேலே பானெட் மூடும்போது அந்த மறைப்பின் விளிம்பு பானெட்டில் உட்கார்ந்து, ரப்பர் பட்டையால் அடைபடாவிட்டால் அது வெறும் அலங்காரத் தகரம்தான். சூடான காற்று மேலே ஏறி உள்ளே இறங்க ஒரு விரல் சந்து போதும்.

இரண்டாவதில் காற்று நிஜமாகவே குளிர்ச்சி. ஆபத்து தண்ணீர். தாழ்வான ஃபில்டர் தேங்கிய தண்ணீரில் முங்கினால் என்ஜின் தண்ணீரை உறிஞ்சும். தண்ணீரை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளையும். மழைத் தண்ணீர் தேங்கும் சாலையில் தினமும் ஓடும் வண்டிக்கு இதை நான் போட மாட்டேன். ட்ராக்குக்கு மட்டும் போகும் வண்டிக்குப் போடலாம்.

மூன்றாவதில் வேலை அதிகம், பலனும் அதிகம். பல கார்களில் கம்பெனி போட்ட பெட்டியே இந்த வகைதான். அதைக் கழற்றி எறிவதற்கு முன் அதன் வாயை அளந்து பாருங்கள். பெரும்பாலும் பெட்டியில் குறை இருக்காது, அதற்குக் காற்று வரும் குழாய் மட்டும் சிறிதாக இருக்கும். பெட்டியை வைத்துக்கொண்டு வாயை மட்டும் பெரிதாக்கி கிரில் வரை நீட்டினால் பாதி நாளில் வேலை முடியும். என் வண்டியில் எண்ணை அசைத்தது கடைசியில் இதுதான், புதுப் பைப் அல்ல.

பைப் எதில்?

வாக்குவாதம் அதிகம் நடப்பது இங்கேதான், பலன் குறைவாக இருப்பதும் இங்கேதான்.

அலுமினியம் (6061) சூட்டைக் கடத்தும் வேகம் 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைப் போலப் பத்து மடங்கு. பிளாஸ்டிக்கோடு ஒப்பிட்டால் நூற்றுக்கணக்கான மடங்கு. இதைக் கேட்டதும் அலுமினியத்தைத் தூக்கிப் போடத் தோன்றும். ஆனால் சூடு என்ஜின் அறையிலிருந்து பைப்புக்குள் ஓடும் காற்றுக்குப் போக மூன்று தடைகளைத் தாண்ட வேண்டும்: பைப்புக்கு வெளியே ஒட்டியிருக்கும் காற்றுப் படலம், பைப்பின் சுவர், உள்ளே ஒட்டியிருக்கும் காற்றுப் படலம். இரண்டு மில்லிமீட்டர் உலோகச் சுவர் இதில் தடையே அல்ல, அலுமினியமானாலும் எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஆனாலும். பெரிய தடை வெளிப் படலம். அது எந்தப் பைப்புக்கும் ஒன்றுதான்.

எண்ணில் பார்ப்போம். முழு த்ராட்டிலில் நொடிக்கு 200 கிராம் காற்று இழுக்கும் என்ஜின், 60 மில்லிமீட்டர் உள் விட்டம், ஒரு மீட்டர் நீளம். காற்று நொடிக்கு 60 மீட்டர் வேகத்தில் போகிறது, அதாவது பைப்புக்குள் அது இருப்பது நொடியில் அறுபதில் ஒரு பங்கு. பைப்புக்கு உள்ளே இருப்பதைவிட வெளியே 50 டிகிரி சூடு அதிகம் என்று வைத்தாலும், அந்த நேரத்தில் காற்று வாங்கும் சூடு ஏறக்குறைய ஒரு டிகிரி. அதே பைப், வண்டி நின்று ஐடிலிங். காற்று நொடிக்கு நாலைந்து கிராம்தான், மெதுவாகத் தவழ்கிறது. இப்போது ஏறுவது பத்து டிகிரிக்கு மேல்.

ஆக, பைப் வழியாக ஏறும் சூடு நிற்கும்போது வரும் பிரச்சினை, பறக்கும்போது வருவதல்ல. மூன்று மில்லிமீட்டர் பிளாஸ்டிக் போட்டால் அந்தப் பத்தில் கொஞ்சம் குறையும். கால் அழுத்தினால் ஓரிரு நொடியில் பைப்புக்குள் இருந்த சூடான காற்று காலியாகிவிடும், சுவர் ஆறச் சற்று நேரமாகும். சிக்னலிலிருந்து கிளம்பும் முதல் இழுப்பு மந்தமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதனால் பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது சூட்டை விட்டுவிட்டு மற்றதைப் பாருங்கள். அலுமினியம் எடை குறைவு, எஃகில் மூன்றில் ஒரு பங்கு. அறுக்க, அரம் போட எளிது. வெல்டிங்தான் தலைவலி. அலுமினியம் 660 டிகிரியில் உருகும், அதன் மேல் படிந்திருக்கும் ஆக்சைடு 2,000 டிகிரிக்கு மேல்தான் உருகும். ஏ.சி. (மாறுமின்னோட்ட) டிக் வெல்டிங் மெஷின் (டங்ஸ்டன் முனையும் ஆர்கான் வாயுவும் கொண்டு ஒட்டுவது) இல்லாமல் மெல்லிய பைப்பில் கை வைக்க வேண்டாம். வெல்டிங் கம்பியில் 4043 ரகம் வாங்குங்கள். 5356 பலமானதுதான், ஆனால் 65 டிகிரிக்கு மேல் தொடர்ந்து இருக்கும் இடத்தில் நாளடைவில் விரிசல் விடக்கூடியது.

எஸ்.எஸ். வெல்டிங்குக்கு டி.சி. டிக் போதும், நிறைய பேருக்கு அதுவே கைவரும். ஆனால் பைப்பின் உள்ளேயும் ஆர்கான் நிரப்பாவிட்டால் உள்பக்கம் கருத்துப் பொரிபொரியாகக் கிளம்பும். அந்தப் பொரி உதிர்ந்தால் எங்கே போகும் என்று யோசியுங்கள். எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல், சாதாரண எஃகு) பைப் மலிவு, வெல்டிங் சுலபம், உள்ளே துருப்பிடிக்கும். பிளோயருக்கு முன்னால் எம்.எஸ். வேண்டவே வேண்டாம். ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பை எந்தப் பக்கமும் வெல்டு செய்யாதீர்கள், துத்தநாகப் புகை உடம்பைக் கெடுக்கும்.

பிளாஸ்டிக்கில் ஏபிஎஸ் (பிரேக்கைச் சொல்லவில்லை) சுமார் 105 டிகிரியில் இளகத் தொடங்கும். உறிஞ்சும் பக்கத்துக்குப் போதும், பிளோயருக்குப் பின்னால் ஆகாது. 3டி பிரின்டரில் பிஎல்ஏ பிளாஸ்டிக் போட்டு இன்டேக் பைப் செய்தேன் என்று யாராவது சொன்னால் ஒரு மதியம் வெயிலில் நிறுத்திவிட்டு வரச் சொல்லுங்கள். அது 60 டிகிரியிலேயே வளையும். மாதிரி பார்க்க மட்டும் அருமையான பொருள்.

விட்டத்தைப் பற்றி ஒரு வரி: அதே காற்றுக்கு 60 மில்லிமீட்டருக்குப் பதில் 73 மில்லிமீட்டர் உள் விட்டம் என்றால் வேகம் 41 மீட்டருக்கு இறங்கும், உராய்வு இழப்பு பாதிக்கும் கீழே போகும். பிளோயருக்கு முன்னால் இடம் இருக்கும் மட்டும் பெரிதாகப் போங்கள். பின்னால் தேவைக்கு மேல் பெரிதாக்கினால் நிரப்ப வேண்டிய காற்றும் கூடும், கால் அழுத்துவதற்கும் வண்டி பாய்வதற்கும் நடுவில் இடைவெளி தெரியும்.

வளைப்பதும் ஒட்டுவதும்

வளைவுக்கு மூன்று வழி. மேன்ட்ரல் பெண்ட், அதாவது உள்ளே தாங்குகட்டை விட்டு வளைத்தது, வளைவிலும் முழு வட்டமாக இருக்கும். ஹைட்ராலிக் பிரஸ்ஸில் வளைத்தால் வளைவின் உட்புறம் நசுங்கும். சைலன்சர் வேலைக்கு அது ஓடும், இங்கே ஓடாது. மூன்றாவது, நேர்ப் பைப்பை ஆப்புத் துண்டுகளாக அறுத்து ஒட்டுவது. பார்க்க அழகு, கை நடுங்காமல் இருந்தால். ஆனால் 90 டிகிரி திருப்பத்துக்கு ஐந்தாறு வெல்டுத் தையல், ஒவ்வொன்றும் கசியவும் உதிரவும் ஒரு வாய்ப்பு. இரண்டே துண்டாக வெட்டிக் கூரான மூலையாக ஒட்டினால் அந்த ஒரு மூலை வழுவழுப்பான வளைவு மூன்று நான்கின் இழப்பைத் தனியாகக் கொடுக்கும். ரெடிமேடாகக் கிடைக்கும் 45, 90 டிகிரி மேன்ட்ரல் வளைவுகளை வாங்கி, வேண்டிய கோணத்தில் வெட்டி நேர்த் துண்டுகளோடு சேர்ப்பதுதான் வீட்டுப் பட்டறைக்குச் சரி.

அளவெடுக்க நான் சாதாரண பிவிசி பைப்பும் எல்போவும்தான் வைத்துக்கொள்கிறேன். வண்டிக்குள் கோத்துப் பார்த்து, மார்க்கரில் ஒவ்வொரு மூட்டின் குறுக்கேயும் ஒரு கோடு. அந்தக் கோடுதான் கோணத்தைக் காப்பாற்றும். உலோகத்துக்கு மாறும்போது ஒவ்வொரு மூட்டிலும் நான்கு டாக் (சின்னப் பொட்டு வெல்டு) மட்டும் போட்டு, திரும்ப வண்டியில் வைத்துப் பார்த்து, பானெட்டை மூடிப் பார்த்து, பிறகுதான் முழுத் தையல். என்ஜின் ரப்பர் மவுன்டில் ஆடும் என்பதை மறந்தால் டாக் சரியாக இருந்தும் பைப் எங்காவது உரசும். யாரையாவது பிரேக்கை மிதித்தபடி கியரில் லேசாக ஆக்சிலரேட்டர் கொடுக்கச் சொல்லி, பக்கவாட்டில் நின்று (முன்னால் வேண்டாம்) என்ஜின் எவ்வளவு சாய்கிறது என்று பாருங்கள். அந்தச் சாய்வுக்கு இடமும், நடுவில் ஒரு சிலிக்கான் மூட்டும் வேண்டும்.

வெல்டு செய்யும் முன் துடைக்க அசிட்டோன். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் கண்டிப்பாகக் கூடாது. வெல்டிங் ஒளியும் சூடும் பட்டால் அது பாஸ்ஜீன் என்ற விஷவாயுவாக மாறும். இதில் விளையாட்டே இல்லை.

இனி பிசிறு. ஒரு முறை பைப்பை முடித்து, துடைத்து, வாயை மூடி வைத்துவிட்டேன். பொருத்தும் முன் ஏதோ தோன்றி, வெள்ளைத் துணியைக் கம்பியில் கட்டி உள்ளே விட்டு இழுத்தேன். துணியில் கடுகளவில் ஒரு உருண்டை ஒட்டிக்கொண்டு வந்தது. உள்தையலில் தெறித்த அலுமினியத் துளி. ஃபில்டர் அந்த இடத்துக்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது. அடுத்து அது சந்திக்கப்போவது பிளோயரின் ரோட்டர்களை. ரோட்டருக்கும் உறைக்கும் நடுவில் இருக்கும் சந்து தலைமுடி கனத்தில்தான். அன்றிலிருந்து துணி வெள்ளையாக வரும்வரை விடுவதில்லை: கம்பி பிரஷ், சோப்புத் தண்ணீர், காற்று, துணி, மறுபடியும் துணி.

மூட்டுகளில் பூஸ்ட் பக்கத்துக்கு ஒரு கணக்கு. 63 மில்லிமீட்டர் பைப்பில் 0.55 பார் அழுத்தம், மூட்டைப் பிடுங்கும் விசை 17 கிலோ எடைக்குச் சமம். வழுவழுப்பான பைப் நுனியில் எண்ணெய்ப் பிசுக்கோடு ஹோஸை மாட்டிச் சாதாரண திருகு கிளாம்ப் போட்டால் என்றைக்காவது 'டப்' என்று கழன்று வரும். நுனியைச் சுற்றி ஒரு மேடு உருட்டிவிட்டு, அதற்குப் பின்னால் டி-போல்ட் கிளாம்ப் (அகலப் பட்டையைப் போல்ட்டால் இறுக்குவது) உட்கார வேண்டும். மேடு உருட்டும் கருவி இல்லை என்றால் வெல்டிங்கில் மெல்லிய வளையமாக ஓட்டி அரத்தால் தேய்த்துவிடலாம். யானை வாங்கியவன் அங்குசத்துக்கு யோசிப்பதுபோல, பிளோயருக்குக் கொட்டிவிட்டு கிளாம்ப்பில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

உறிஞ்சும் பக்கத்தில் இதற்கு நேர் எதிர்: மெல்லிய ஹோஸ் வெற்றிடத்தில் உள்ளே சப்பிவிடும். அங்கே கம்பி பதித்த ஹோஸ் போடுங்கள், அல்லது ஹோஸின் நீளத்தை இரண்டு விரல் அகலத்துக்கு மேல் விடாதீர்கள்.

மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் இருக்கும் வண்டியில் அது உட்காரும் துண்டின் உள் விட்டத்தை மாற்றாதீர்கள். சென்சார் அளப்பது ஒரு புள்ளியில் காற்றின் ஓட்டத்தை. கணினி அதை அந்த விட்டத்துக்கு ஏற்ப முழுப் பைப்பின் காற்று எடையாக்குகிறது. விட்டம் மாறினால் கணக்கே பொய். வளைவு முடிந்த உடனே வைத்தாலும் காற்று ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடும், எண் தத்தளிக்கும். அதற்கு முன் இடம் கிடைக்கும் மட்டும் நேர்ப் பைப் விடுங்கள்.

பிளோயருக்குப் பின்னால்: காற்றா, தண்ணீரா, தெளிப்பா

நிஜமான பணம் போக வேண்டிய இடம் இது.

காற்றுக்குக் காற்று இன்டர்கூலரில் பம்ப் இல்லை, கசிய எதுவும் இல்லை, மறந்துவிடலாம். முன்னால் வைத்தால் நன்றாகக் குளிரும், ஆனால் பைப் நீளும். என்ஜின் மேலேயே வைத்தால் பைப் குறுகும், நிற்கும்போது அனலில் வேகும். 2002 முதல் 2006 வரை வந்த மினி கூப்பர் எஸ் இந்த இரண்டாவது வகை: ஈட்டன் எம்45 ரூட்ஸ் பிளோயர், என்ஜின் தலைமேல் இன்டர்கூலர், பானெட்டில் காற்றுவாய். ஓடும்போது வேலை செய்யும். நெரிசலில் அந்த வாய்க்குள் காற்றே வராது. பிளோயர் நேராக மேனிஃபோல்ட் மேலேயே உட்கார்ந்திருக்கும் என்ஜின்களுக்கு முன்புற இன்டர்கூலர் பைப் போட இடமே கிடைக்காது. சென்ட்ரிஃபியூகல் வகைக்குத்தான் இது இயல்பாகப் பொருந்தும்.

தண்ணீர் வழிக் கூலரில் மையக் கருவி சின்னது, மேனிஃபோல்டுக்குள்ளேயே அடங்கும். முன்னால் தனியாக ஒரு சிறு ரேடியேட்டர், ஒரு மின்பம்ப், ஒரு தொட்டி. இதன் பலம் தண்ணீரின் சூடு தாங்கும் குணம். நம் கணக்கில் காற்றிலிருந்து எடுக்க வேண்டிய சூடு முழு த்ராட்டிலில் சுமார் 9.4 கிலோவாட். ஐந்து லிட்டர் தண்ணீர் இருந்தால், முன்புற ரேடியேட்டர் ஒன்றுமே செய்யாவிட்டாலும், பத்து நொடி இழுப்பில் தண்ணீர் நாலரை டிகிரிதான் ஏறும். ஊருக்குள் ஓட்டும் வண்டிக்கு இது சொர்க்கம், ஏனென்றால் அங்கே யாரும் பத்து நொடிக்கு மேல் முழு த்ராட்டில் கொடுப்பதில்லை. ஆனால் ஒரு நிமிடம் விடாமல் மலையேறினால் அதே கணக்கு 27 டிகிரி. அப்போது காப்பாற்ற வேண்டியது முன்புற ரேடியேட்டர். பலர் தொட்டியைப் பெரிதாக்கிவிட்டு ரேடியேட்டரைச் சின்னதாக விட்டுவிடுவார்கள். பெரிய தொட்டி சூட்டைத் தள்ளிப்போடும், வெளியேற்றாது. இன்னொன்று, பெரிய தொட்டி ஒரு தடவை சுட்டுவிட்டால் ஆறவும் நேரமாகும்.

தண்ணீர் வழியில் எனக்குப் பிடித்த தந்திரம் காசே இல்லாதது. என்ஜினை நிறுத்திய பிறகும் சில நிமிடம் பம்பும் விசிறியும் ஓடும்படி ஒரு டைமர் ரிலே. 2018 டாட்ஜ் சேலஞ்சர் டீமனில் கம்பெனியே இதைச் செய்தது, போதாததற்கு ஏ.சி. வாயுவைத் திருப்பிவிட்டு இன்டேக் தண்ணீரையே குளிர்விக்கவும் செய்தது. ஏ.சி. வித்தை நமக்கு எட்டாது. டைமர் எட்டும்.

தண்ணீர், மெத்தனால் தெளிப்பைப் பொறுத்தவரை சூட்டை உறிஞ்சும் திறமை அபாரம். ஒரு கிலோ தண்ணீர் ஆவியாக 2,257 கிலோஜூல் வேண்டும். நம் என்ஜினில் நொடிக்கு மூன்று கிராம் முழுக்க ஆவியானாலே காற்று 30 டிகிரிக்கு மேல் இறங்கும். (முழுக்க ஆகாது, கொஞ்சம் துளியாகவே சிலிண்டருக்குப் போகும்; அங்கேயும் நாக்கிங்கை (எரிபொருள் நேரம் தப்பி வெடிப்பதை) அடக்கும்.) தயாரிப்புக் கார்களிலும் இது வந்திருக்கிறது, 2016 பிஎம்டபிள்யூ எம்4 ஜிடிஎஸ் ஓர் உதாரணம். அதற்கும் முன்னால், 1962 ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர் டர்போ என்ஜினுக்குத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவம் கட்டாயம். தொட்டி காலியானால் பூஸ்ட் தானாகக் குறையும்படி வைத்திருந்தார்கள். சொந்தக்காரர்கள் நிரப்ப மறந்தார்கள், வண்டி இழுக்கவில்லை என்று புகார் செய்தார்கள்.

வேடிக்கை அல்ல, அந்தப் பாதுகாப்பு இருந்ததால் புகாரோடு நின்றது. தெளிப்பை நம்பி டைமிங்கை (தீப்பொறி விழும் நேரத்தை) முன்னேற்றி டியூன் செய்துவிட்டு, நாசில் அடைத்துக்கொண்டால் அடுத்த இழுப்பிலேயே பிஸ்டன் போகும். ஓட்டத்தை அளக்கும் சென்சார், ஓட்டம் நின்றால் பூஸ்டையோ டைமிங்கையோ குறைக்கும் இணைப்பு, இரண்டும் இல்லாமல் தெளிப்பு வேண்டாம். மெத்தனால் விஷம், அதன் தீ பகலில் கண்ணுக்குத் தெரியாது. என் கருத்தில் தெளிப்பு இன்டர்கூலருக்கு மேலே சேர்க்கும் காப்பு, அதற்கு மாற்று அல்ல.

மறைப்பு வேலைகள்

சுருக்கமாகவே சொல்கிறேன். எக்ஸாஸ்ட் ஹெட்டருக்கு செராமிக் பூச்சு நல்லது. துணி சுற்றுவது மலிவு, சூட்டையும் நன்றாக அடக்கும், ஆனால் எம்.எஸ். ஹெட்டரில் ஈரத்தைப் பிடித்து வைத்து உளுத்துப்போக வைக்கும். ஹெட்டருக்கும் இன்டேக் பைப்புக்கும் நடுவில் ஒரு காற்று இடைவெளி விட்டு நிற்கும் மெல்லிய அலுமினியத் தகடு இந்த இரண்டின் பாதி வேலையைச் செலவே இல்லாமல் செய்யும். பளபளக்கும் தங்க நிறப் பட்டை கதிர்ச் சூட்டைத் திருப்பும், ஹெட்டருக்கு நேரே பார்த்தபடி இருக்கும் பைப்பில் மட்டும் அது அர்த்தமுள்ளது. பைப் முழுக்க ஒட்டுவது நகை போடுவது. பானெட்டில் காற்றுவாய் வெட்டுவதானால் ரேடியேட்டருக்குச் சற்றுப் பின்னால், முன்பகுதியில். கண்ணாடி அருகே வெட்டினால் ஓடும்போது அங்கே அழுத்தம் அதிகம், காற்று வெளியேறாது, உள்ளே வரும்.

என்ன வாங்குவது, எதில் தொடங்குவது

ஸ்பானரை எடுக்கும் முன் இரண்டு மலிவான வெப்ப சென்சார்கள் வாங்குங்கள். ஒன்று பிளோயரில் காற்று நுழையும் வாய்க்கு முன், ஒன்று கூலருக்குப் பின். மூன்று நிலைகளில் குறித்துக்கொள்ளுங்கள்: சீரான வேகத்தில் கால் மணி நேரம், நின்றபடி பத்து நிமிடம், அப்புறம் ஒரு முழு இழுப்பு.

ஓடும்போதே பிளோயர் வாயில் வெளிக்காற்றைவிடப் பத்து டிகிரிக்கு மேல் அதிகம் என்றால் ஃபில்டர் பெட்டி வேலைதான் முதலில், மற்ற எல்லாம் வீண். ஓடும்போது சரி, நின்றால் ஏறுகிறது, கிளம்பியதும் இறங்குகிறது என்றால் தகடும் டைமரும் போதும். வாயில் எண் சரியாக இருந்து, இழுப்பின்போது பின்பக்கம் மளமளவென்று ஏறினால் கூலர் சிறிது. அடுத்தடுத்து இழுக்கும்போது ஒவ்வொன்றுக்கும் தொடக்க எண்ணே உயர்ந்துகொண்டு போனால், தண்ணீர் வழியாக இருந்தால் முன்புற ரேடியேட்டர் போதவில்லை அல்லது பம்ப் சுற்றவில்லை. பம்பைத் தொட்டுப் பாருங்கள், அதிர்வு தெரியும்.

எனக்கு மறுபடி ஒரு வண்டி கிடைத்து, தினமும் ஓட்டப் பயன்படுத்துவேன் என்றால்: மூடிய பெட்டி, கிரில்லிலிருந்து குழாய், உறிஞ்சும் பக்கம் பெரிய விட்டத்தில் அலுமினிய மேன்ட்ரல் வளைவுகள், தண்ணீர் வழிக் கூலர், இடம் அனுமதிக்கும் மிகப் பெரிய முன்புற ரேடியேட்டர், டைமர். சென்ட்ரிஃபியூகல் பிளோயர் என்றால் தண்ணீருக்குப் பதில் முன்புறக் காற்று இன்டர்கூலர். அலுமினியத்தைத் தேர்ந்தது எடைக்காகவும், கைக்கு வசப்பட்டதற்காகவும் மட்டும். பக்கத்தில் நல்ல எஸ்.எஸ். வெல்டர் இருந்தால் மறுபேச்சில்லாமல் எஸ்.எஸ். போடுவேன்.

எல்லாம் பொருத்தி ஒரு நூறு கிலோமீட்டர் ஓடியதும், என்ஜின் நன்றாக ஆறியபின் எல்லா கிளாம்ப்பையும் இன்னொரு முறை இறுக்குங்கள். சிலிக்கான் சூட்டில் அமுங்கி இடம் விட்டிருக்கும்.